உஷார்! ஷட் டவுன் செய்த கம்ப்யூட்டர் அணைந்துவிடவில்லை

இன்று இரவு அறையின் விளக்கை அணைத்த பிறகு உங்கள் வீட்டு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் பக்கம் ஒரு நிமிடம் போய்ப் பாருங்கள். ஷட் டவுன் செய்து பல மணி நேரம் ஆகியிருக்கும். திரை இருட்டாக இருக்கும், ஃபேன் நின்றிருக்கும். ஆனால் மவுஸின் அடியில் சிவப்பாக வெளிச்சம் கசியலாம். நெட்வொர்க் கேபிள் செருகிய இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்கலாம். கேபினட்டின் இடுக்கு வழியே பார்த்தால் மதர்போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிவது தெரியலாம். அதற்கெல்லாம் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அணைந்துவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்துதான். சுவரில் ஸ்விட்ச் போட்டபடியே இருக்கும் வரை அந்தப் பெட்டி வேலை செய்துகொண்டே இருக்கிறது. வீட்டில் எல்லோரும் தூங்கும்போதும், கதவைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருக்கும்போதும், இடி மின்னல் அடிக்கும்போதும்.

இதைக் கரன்ட் பில் விஷயமாக மட்டுமே பலர் பேசுகிறார்கள். பில்லும் ஒரு விஷயம்தான், அதைப் பிறகு கணக்குப் போடுவோம். எனக்குப் பெரிய கவலை வேறு. நம் ஊரில் அசெம்பிள் செய்து வாங்கும் கம்ப்யூட்டர்களில் மிகக் குறைந்த காசு செலவிடப்படும் பாகம் எஸ்.எம்.பி.எஸ்.தான். பிராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள், கேபினட்டோடு சேர்ந்து வந்த பெட்டியை ஏறிட்டும் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டரிலேயே மட்டமான அந்தப் பாகம்தான், யாரும் பார்க்காத நேரத்திலும் 230 வோல்ட்டோடு இணைந்தபடி இருக்கிறது. பயப்பட வேண்டிய இடம் இது.

பழைய கம்ப்யூட்டர்களில் ‘டொக்’ என்று விழும் தடித்த ஸ்விட்ச் ஒன்று இருந்ததை நாற்பதைத் தாண்டியவர்கள் பார்த்திருப்பார்கள். அது மின்சாரத்தையே வெட்டியது. 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறையில் அது மாறிவிட்டது. இப்போது முன்பக்கம் நாம் அழுத்தும் பட்டன் மதர்போர்டுக்கு ஒரு சைகை கொடுக்கும், அவ்வளவே. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் உண்மையில் இரண்டு மின்வழங்கிகள் இருக்கின்றன. ஒன்று பெரியது. கம்ப்யூட்டர் ஓடும்போது மட்டும் ஓடும். இன்னொன்று சிறியது, ‘ஸ்டாண்ட்பை’ சர்க்யூட் என்பார்கள். ஊதா நிற வயர் வழியாக 5 வோல்ட்டை எந்நேரமும் மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை வயரை கிரவுண்டோடு சேர்க்கும், பெரியது விழித்துக்கொள்ளும். ஷட் டவுன் கொடுத்தால் பெரியது மட்டும் நிற்கும். சிறியது நிற்காது.

அந்தச் சிறிய சர்க்யூட்டுக்கு உணவு எங்கிருந்து? சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம் உள்ளே டி.சி.யாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. கட்டைவிரலைவிடத் தடிமனான ஓரிரு கண்டென்சர்களில் அது தேங்கி நிற்கிறது. கம்ப்யூட்டர் ‘அணைந்திருக்கும்’போதும் இந்த 325 வோல்ட் அங்கே அப்படியே இருக்கிறது. ஷட் டவுன் ஆன பிறகு ஃபேன் ஓடாது என்பதையும் கவனியுங்கள். தூசி அப்பிய பெட்டிக்குள், காற்றே இல்லாமல், ஒரு சர்க்யூட் மட்டும் வருடக்கணக்கில் சூடாகிக்கொண்டிருக்கிறது.

சூட்டில் முதலில் கெடுவது எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர். உள்ளே இருக்கும் திரவம் மெல்ல வற்றும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தரம் கெட்ட கண்டென்சர்கள் உலகம் முழுக்க மதர்போர்டுகளையும் எஸ்.எம்.பி.எஸ்.களையும் தலை வீங்கச் செய்து கொன்றது சர்வீஸ் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். விலை மலிந்த சில பழைய எஸ்.எம்.பி.எஸ். வடிவமைப்புகளில் இது இன்னும் மோசம். ஸ்டாண்ட்பை சர்க்யூட்டில் ஒரே ஒரு சின்னக் கண்டென்சர் வற்றினால் போதும், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் வேலை குலைந்து, ஊதா வயரில் 5 வோல்ட்டுக்குப் பதில் அதைவிட மிக அதிகமாக ஏறிவிடும். மதர்போர்டு போய்விடும். யு.எஸ்.பி.யில் செருகி வைத்ததும் சேர்ந்து போகலாம். “ராத்திரி நல்லாத்தான் ஆஃப் பண்ணேன், காலையில ஆன் ஆகல” என்று சர்வீஸ் கடைக்கு வரும் கம்ப்யூட்டர்களில் இப்படிச் செத்தவையும் உண்டு. அது ராத்திரி ஆஃப் ஆகவே இல்லை.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு, கீழே சிறிய அட்டவணையில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அங்கே 14 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள். 168 வாட். அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் பலம், 450 அல்ல. கையில் தூக்கிப் பார்த்தாலும் ஓரளவு தெரிந்துவிடும். ஒழுங்கான எஸ்.எம்.பி.எஸ். கனமாக இருக்கும். மட்டமானதில் வெப்பத்தை வாங்கும் அலுமினியத் தகடு மெலிந்திருக்கும், மின் இரைச்சலை வடிகட்டும் பாகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டைச் சாலிடர் செய்திருப்பார்கள். லோடு மிஞ்சினால் தானே நின்றுகொள்ளும் பாதுகாப்பு பல பெட்டிகளில் கிடையாது. நிற்கத் தெரியாத பெட்டி வெடிக்கும், அல்லது எரியும்.

‘80 ப்ளஸ்’ முத்திரை இருந்தால் போதும் என்று கடைகளில் சொல்வார்கள். 2004-ல் தொடங்கிய அந்தச் சான்றிதழ் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறது: உள்ளே போகும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது என்பதை. பாதுகாப்புக்கு அது சான்று அல்ல. 2021-ல் கிகாபைட் நிறுவனத்தின் பி750ஜி.எம்., பி850ஜி.எம். என்ற இரண்டு மாடல்கள் சோதனைகளில் வெடித்துச் சிதறின. இரண்டுமே ‘80 ப்ளஸ் கோல்டு’ முத்திரை பெற்றவை. லோடு மிஞ்சினால் எந்த அளவில் நிற்க வேண்டும் என்ற வரம்பைக் குறைத்து, குறிப்பிட்ட சீரியல் எண்களுக்கு மாற்றித் தருவதாக அந்த நிறுவனம் அந்த ஆகஸ்டில் அறிவித்தது. பெரிய பெயரும் தங்க முத்திரையும் இருந்த பெட்டிக்கே இந்தக் கதி என்றால், பெயரே இல்லாத பெட்டியைப் பற்றி என்ன சொல்ல?

பழைய எஸ்.எம்.பி.எஸ். வைத்திருப்பவர்கள் பின்பக்கம் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அது நம் நாட்டில் எப்போதும் 230-ல்தான் இருக்க வேண்டும். குழந்தை ஒன்று பேனா முனையால் அதை 115-க்குத் தள்ளிவிட்டால், உள்ளே 325 வோல்ட்டுக்குப் பதில் அதன் இரண்டு மடங்கு ஏறும். ஸ்விட்ச் போட்ட நொடியில் கண்டென்சர் வெடிக்கும். பழைய பள்ளிக்கூட லேப்களில் இப்படி வெடிக்க வாய்ப்பு நிறையவே உண்டு. அந்த ஸ்விட்ச்சின் மேல் இன்றே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

இனி எர்த். கேபினட்டைத் தொட்டால் ‘சுர்’ரென்று விரலில் ஏறுகிறதா? “கம்ப்யூட்டர்னா லேசா ஷாக் அடிக்கத்தான் செய்யும்” என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டின் உலோகத்துக்கு இரண்டு சின்னக் கண்டென்சர்கள் போடப்பட்டிருக்கும். இரைச்சலை எர்த்துக்கு வடிப்பது அவற்றின் வேலை. எர்த் இருந்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. எர்த் இல்லையென்றால் முழுக் கேபினட்டும் பாதி மெயின்ஸ் வோல்ட்டேஜில், அதாவது சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். அந்தக் கசிவு மில்லி ஆம்பியர் கணக்கில் இருப்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் அது தரும் செய்தி என்ன? உங்கள் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை. நாளைக்கு உள்ளே ஒரு ஃபேஸ் வயர் உரசிக் கேபினட்டைத் தொட்டால், ஈரக் காலோடு வந்து யு.எஸ்.பி. செருகும் பிள்ளையின் உடம்புதான் எர்த் ஆகும். நம் வீடுகளில் சாக்கெட்டின் மேல் துளை வெறும் ஓட்டையாக, பின்னால் வயரே இல்லாமல் இருப்பதை எலக்ட்ரீஷியன்கள் தினமும் பார்க்கிறார்கள். மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு துளையில் செருகுவது, மூன்றை இரண்டாக்கும் அடாப்டர் போடுவது எல்லாமே உயிரோடு விளையாட்டு. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில், மின்கசிவு கண்டால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள்.

தயவு செய்து எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். ஃபேன் சத்தம் போடுகிறது, ரெண்டு சொட்டு எண்ணெய் விடலாம், பிரஷ்ஷால் தூசி தட்டலாம் என்று நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிவிடுகிறார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். அதை வடியவிட வேண்டிய ரெசிஸ்டர் அறுந்துபோயிருந்தால் நெடுநேரம் அப்படியே இருக்கும். 325 வோல்ட் டி.சி. ஆளைக் கொல்லப் போதுமானது. ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு காலையும் சேர்த்துப் பொறி பறக்க ‘டிஸ்சார்ஜ்’ செய்யும் வித்தையை யூடியூபில் பார்த்துச் செய்யாதீர்கள். தூசியை வெளியிலிருந்தே, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஊதி எடுத்தால் போதும். ஃபியூஸ் போன எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கம்பி சுற்றி ஓட்டுவது அதைவிட ஆபத்து. அங்கே ஃபியூஸ் போகிறதென்றால் பெரும்பாலும் உள்ளே டயோடோ டிரான்சிஸ்டரோ ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள். அதற்குக் கம்பி போட்டால் நெருப்புக்கு வழிவிட்டதாகும்.

இன்னொரு பழக்கமும் பரவியிருக்கிறது. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்து ஓடவிட்டு, கார் ஸ்டீரியோவுக்கும் எல்.இ.டி. பட்டைக்கும் 12 வோல்ட் எடுப்பது. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் ஷார்ட் ஆனால் பத்துப் பதினைந்து ஆம்பியர் பாயும், மெல்லிய வயர் சிவக்கப் பழுத்துவிடும். செய்தே ஆவேன் என்பவர்கள் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ஃபியூஸ் போடுங்கள், துணி, திரைச்சீலை, மெத்தை பக்கத்தில் வைக்காதீர்கள், கண்முன் இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். அதை வைத்து லெட் ஆசிட் பேட்டரிக்குச் சார்ஜ் போடவே கூடாது. அதற்கு வேண்டிய 13.8 வோல்ட்டும் அதில் கிடையாது, கட்டுப்பாடும் கிடையாது.

கேபிள்களை மாற்றிப் போடும் தவறையும் சொல்லிவிட வேண்டும். கழற்றி மாட்டக்கூடிய கேபிள்கள் உள்ள எஸ்.எம்.பி.எஸ்.களில், ஒரு கம்பெனியின் கேபிள் இன்னொன்றில் பொருந்தும், ஆனால் உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், பத்து வருடக் குடும்பப் படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க் ஒரு நொடியில் போய்விடும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினால் கேபிளையும் மொத்தமாக மாற்றுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். 2014-ல் எச்.பி. நிறுவனம் எல்.எஸ்.-15 என்று அச்சிட்ட மின் கேபிள்களைச் சூடாகி உருகும் அபாயத்துக்காக, அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் சுமார் 60 லட்சம் எண்ணிக்கையில் திரும்பப் பெற்றது. கேபிள்தானே என்று நாம் அலட்சியப்படுத்தும் பொருள் அது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடுகின்றன. ஒரிஜினல் அடாப்டர் போனதும் நடைபாதையில் கிடைக்கும் டூப்ளிகேட்டைத்தான் பலர் வாங்குகிறார்கள். அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரையும் ‘ஆர்’ எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எண்ணைப் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். சூடாகும் அடாப்டரை மெத்தை மேல் வைத்துவிட்டுத் தூங்குவது தற்கொலைக்குச் சமம்.

இப்போது பில் கணக்கு. ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். அணைத்த கம்ப்யூட்டர் 3 வாட், மானிட்டர் ஒரு வாட், ஊஃபரோடு சேர்ந்த ஸ்பீக்கர் 4 வாட், பிரிண்டர் 2 வாட், சும்மா இருக்கும் யூ.பி.எஸ். 10 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 வாட். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தி, மீதி 20 மணி நேரம் இவை சும்மா நின்றால் 0.4 யூனிட். இரண்டு மாத பில்லில் 24 யூனிட், வருடத்துக்கு 146 யூனிட். யாருக்கும் ஒரு பயனும் தராத 146 யூனிட்! ஸ்லாப் எல்லையில் நிற்கும் வீட்டுக்கு அந்த 24 யூனிட் எவ்வளவு வலிக்கும் என்பதைப் பில் கட்டுபவர்கள் அறிவார்கள். கம்ப்யூட்டர் மட்டும் என்றால் மிச்சம் சொற்பம்தான், அதை ஊதிப் பெரிதாக்க விரும்பவில்லை. யூ.பி.எஸ்.ஸும் ஸ்பீக்கரும்தான் பெரிய திருடர்கள். சர்வதேச எரிசக்தி முகமை 1999-லேயே ஸ்டாண்ட்பையை ஒரு வாட்டுக்குள் கொண்டுவரச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு, அலுவலகக் கருவிகளுக்கு 2010-ல் ஒரு வாட், 2013-ல் அரை வாட் என்று வரம்பு போட்டது. அதன் பயனாக இப்போதைய மதர்போர்டுகளின் பயாஸில் ‘இ.ஆர்.பி.’ என்ற வசதி இருக்கிறது. அதை எனேபிள் செய்தால் ஷட் டவுன் நிலையில் இழுப்பது வெகுவாகக் குறையும். கீபோர்டைத் தட்டி ஆன் செய்வது, நெட்வொர்க் வழியாக எழுப்புவது போன்றவை மட்டும் வேலை செய்யாது.

அதைவிட நல்ல வழி நம் சுவரிலேயே இருக்கிறது. பல நாடுகளில் சாக்கெட்டுக்கு ஸ்விட்சே கிடையாது. நமக்கு உண்டு. முறையாகச் செய்யுங்கள்: முதலில் ஷட் டவுன். ஃபேன் நிற்கும் வரை காத்திருங்கள். யூ.பி.எஸ். இருந்தால் அதன் பட்டனை அழுத்தி அணையுங்கள், இல்லையென்றால் சுவரில் அணைத்ததும் அது பேட்டரியைத் தின்றுகொண்டு கத்தும். கடைசியாகச் சுவர் ஸ்விட்ச். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை ஒருநாளும் நேராகச் சுவரில் அணைக்காதீர்கள். ரௌட்டரை வேறு சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டால் வீட்டில் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். தினமும் இப்படி அணைத்தால் மதர்போர்டில் உள்ள வட்டமான சி.ஆர்.2032 பேட்டரி சற்று முன்னதாகத் தீரும். தேதி, நேரம் தவறினால் அதை மாற்றுங்கள், விலை சொற்பம்.

ஒரு எச்சரிக்கை. சுவர் ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும். வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் அணைத்த பிறகும் ஃபேஸ் உள்ளே வரை வந்து நிற்கும். ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு சாக்கெட்டின் இரண்டு துளையிலும் எலக்ட்ரீஷியனை டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேபினட்டைத் திறக்கும்போது ஸ்விட்ச்சை நம்பாமல் பிளக்கையே பிடுங்குங்கள். சித்திரை, வைகாசிக் கோடை இடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அப்படித்தான். ஸ்விட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி மின்னலுக்கு ஒரு தடையே அல்ல. வானம் கறுத்ததுமே பிளக்கையும் நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொடப் போகாதீர்கள்.

கேபினட்டின் பின்பக்கம் மூடாத ஓட்டைகள் இருந்தால் தகடு வைத்து மூடுங்கள். கதகதப்பைத் தேடிப் பல்லியும் கரப்பானும் எறும்பும் உள்ளே போகும். பல்லி ஒன்று 325 வோல்ட்டின் குறுக்கே விழுந்தால் அதோடு எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போய்விடும்.

கருகல் நாற்றம், பட்டாசு மாதிரி ஒரு சத்தம், புகை, விசில் போன்ற கீச்சொலி, தொட முடியாத சூடு, பழுப்பேறிய பிளக் முனை: இவற்றில் ஒன்று வந்தாலும் “இன்னும் ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்க்கலாம்” என்று கை வைக்காதீர்கள். மெயினை அணையுங்கள். தீ பிடித்திருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மின்தீக்கு ஏற்ற பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையேல் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 101-ஐ அழையுங்கள்.

பள்ளி லேப், டைப்பிங் சென்டர், பிரவுசிங் கடை நடத்துபவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். முப்பது கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரே மெயின் ஸ்விட்ச் வையுங்கள். கடைசியாகக் கதவைப் பூட்டுபவர் யாரோ, அதை அணைப்பது அவர் பொறுப்பு என்று பெயர் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் எஸ்.எம்.பி.எஸ். எந்தக் கம்பெனி, 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர், எத்தனை வருட வாரன்டி என்ற மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.